கொசுறுச் சுற்று

அண்ணா,

இன்று காலை எங்கள் தெருவுக்கு உப்புக்காரர் வந்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் இப்போது எல்லாரும் பொட்டலத்தில் தூள் உப்புதான் வாங்குகிறார்கள். ஊறுகாய் போடுகிற நான்கைந்து வீடுகளை நம்பி மாதத்துக்கு ஒருமுறை இவர் மட்டும் சைக்கிளில் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். மூன்று படி கேட்டேன். மூட்டையின் வாயை அவிழ்த்ததும் அந்த ஈர வாசனை வந்தது. சேறும் வெயிலும் கலந்த, மூக்கின் உள்ளே லேசாக எரிகிற வாசனை. படியை உள்ளே விட்டு நிரப்பிக்கொண்டே "லாபம்... லாபம்... லாபம்..." என்று இழுத்தார். பாத்திரத்தில் கொட்டிவிட்டு "ரெண்டே... ரெண்டே..." என்றார். பிறகு "மூணே." முடிந்ததும் கை நிறைய அள்ளி மேலே போட்டு, "கொசுறும்மா" என்றார்.

நான் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, அளவு கொறயுதா?"

"இல்ல. சரியா இருக்கு."

"பின்ன இன்னாத்துக்கு அப்டி மொறைக்கிற?"

நீ இருந்திருந்தால் இதற்கு வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உன்னிடம் கேட்பதற்கு என்னிடம் எப்போதும் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இத்தனை வருடமாகக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொன்னாய். எழுதினால் பதில் கிடைத்துவிடும் என்று நம்புகிறவள் நான் இல்லை. ஆனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால், நான் எதையாவது கவனிக்காமல் விட்டிருக்கிறேனா என்றாவது தெரியும்.

அது எழுபதுகளின் தொடக்கம். உனக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினெட்டு. நீ காலையில் காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பளத்தில் கூடை சுமந்துவிட்டு மாலையில் ஓடுவாய். நான் மீஞ்சூரில் ரயிலேறி மெட்ராஸ் போய்க் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். நம் அப்பா, நைனா, அதே உப்பளத்தில் அளவுக்காரர். வியாபாரிகளின் மூட்டைகளுக்கு மரக்காலால் அளந்து போடுவது அவர் வேலை. சத்தமாக, ராகம் போட்டு எண்ணுவார். நூறு மரக்கால் போனாலும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது என்று அந்தப் பக்கம் முழுவதும் அவருக்குப் பெயர்.

உப்பு விளையாத ஒரு காய்ந்த தரையில் உனக்கு ஓடுதளம் போட்டது அவர்தான். பாத்தி பிரிக்கிற கயிற்றால் நானூறு மீட்டர் அளந்து, ஓரம் முழுக்க அழுக்கு உப்பைக் கோடாகத் தூவியிருந்தார். பத்தாயிரம் மீட்டருக்கு இருபத்தைந்து சுற்று. தினமும் மாலை கோட்டருகே நின்று அவர் எண்ணுவார், நீ ஓடுவாய். பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய நிறுத்தற்கடிகாரத்தோடு வரப்பில் உட்கார்ந்து, எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. அவர் "இருபத்தஞ்சு!" என்று கூவியதும் நீ வலது கையைத் தலைக்கு மேலே தூக்குவாய். முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் கடிகாரத்தை அமுக்குவேன்.

உன் நேரங்கள் பிரமாதமாக இருந்தன. பொன்னேரியிலிருந்து வாரம் ஒருமுறை வந்து உன்னைப் பார்க்கும் பயிற்சியாளர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நெஜமா? இல்ல நீயே எழுதிக்கினியாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பொய் எழுதுகிறவள் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம் மெட்ராஸில் இளையோருக்கான சர்வதேசத் தடகளப் போட்டி நடக்கவிருந்தது. பல நாட்டுப் பையன்கள் வருகிறார்கள். பத்தாயிரம் மீட்டரில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற நம் பையனுக்கு வேலை போட்டுத் தருவதாக ஒரு பெரிய அலுவலகத்துக்காரர்கள் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தார்கள். மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை. நீ அந்த மேஜையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். "அதுல டிராயர் இருக்குமா மே?" என்று என்னைக் கேட்டாய். உன் கால் பெருவிரல் இடுக்கில் உப்பு தின்ற புண் எந்த மழைக்காலத்திலும் முழுசாக ஆறியதில்லை.

ஆகஸ்டில் தேர்வு ஓட்டம். உப்பு ஏற்றுகிற நாள் என்பதால் நைனா வரவில்லை. நானும் நீயும் போனோம். இருபத்து நான்காவது சுற்று முடிகிற வரை நீ எல்லாருக்கும் முன்னால், நெடுந்தூரம் முன்னால் ஓடினாய். மணி அடித்தார்கள். அதன் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வது? யாரோ உன் முதுகில் மூட்டையை ஏற்றியது போல இருந்தது. தோள் இறங்கியது. கால்கள் வேறு யாருடையவோ போல ஆடின. இரண்டாவதாக வந்து விழுந்தாய். முதல் இருவரை எடுத்துக்கொண்டார்கள் என்பதால் தேர்வாகிவிட்டாய். ஆனால் பயிற்சியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கடசி சுத்துல பயம் வந்துட்சி இவனுக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது உன் காதிலும் விழுந்தது. உப்பளத்தில் மறுநாளே உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கூடையைத் தூக்கினால், "பாத்துபா பஞ்சரு, காத்து எறங்கிடப் போவுது!"

நீ அதற்கும் சிரித்தாய். ஆனால் அந்த வாரம் முழுக்க நீ சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குப் பயம் என்கிற விளக்கம் போதவில்லை. நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். தேர்வு ஓட்டத்தில் உனக்கு ஆன நேரம், வீட்டில் ஆகிற நேரத்தைவிட ஒரு நிமிடமும் சில நொடிகளும் அதிகம். பயம் அவ்வளவு திட்டமாகவா வரும்? முதலில் நம் தளத்தின் மேல் சந்தேகப்பட்டேன். பயிற்சியாளரிடம் அளவுநாடா வாங்கிக்கொண்டு தனியாகப் போய் முழுச் சுற்றையும் அளந்தேன். நைனாவின் கயிறு சரியாகவே இருந்தது. பிறகு கடிகாரத்தின் மேல் சந்தேகம். மீஞ்சூர் நிலையத்துப் பெரிய கடிகாரத்தின் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஒப்பிட்டேன். நிலைய அதிகாரி, "இன்னாம்மா, வண்டி லேட்டுன்னு மேல எழுதிப் போடப் போறியா?" என்று கேட்டார். கடிகாரமும் சரி.

மூன்றாவதாகச் சந்தேகப்பட ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதன்மேல் சந்தேகப்பட எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் மாலை நீ ஓடும்போது, சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் ஒரு உப்புக்கல்லை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். நைனா "இருபத்தஞ்சு!" என்றார். நீ கையைத் தூக்கினாய். கைக்குள் பார்த்தேன். இருபத்து நான்கு கல். திரும்ப எண்ணினேன். இருபத்து நான்கு. வியர்வையில் ஒன்று கரைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அடுத்த நாள் உப்பை விட்டுவிட்டு மட்டிச் சிப்பி பொறுக்கி வைத்துக்கொண்டேன். இருபத்து நான்கு சிப்பி.

மூன்றாம் நாள் ஓட்டத்தைப் பார்க்காமல் நைனாவை மட்டும் பார்த்தேன். நீ கிளம்புகிற அந்தக் கணத்தில், உன் கால் கோட்டைத் தாண்டியதும், அவர் "லாபம்..." என்று ஆரம்பித்தார். நீ முதல் சுற்று முடித்து வந்தபோது "ரெண்டே..." என்றார். அவ்வளவுதான். உப்பளத்தில் எல்லாரும் எண்ணுகிற விதம். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அதுவும் முதல் எண்தான். நிரப்பத் தொடங்கும்போதே எண்ணைச் சொல்ல ஆரம்பித்து, கொட்டுகிற வரை அதையே இழுப்பார்கள். ஆனால் உப்பு அளப்பவர் "இருபத்தஞ்சு" என்கிறபோது மரக்கால் அவர் கையிலேயே நிறைந்துவிடும். உன் ஓட்டத்தில் அவர் "இருபத்தஞ்சு" என்றபோது அந்தச் சுற்று இன்னும் தொடங்கவே இல்லை. நீ கையைத் தூக்கி நின்றுவிட்டாய். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடமாக.

அதாவது உனக்கு இருபத்தைந்தாவது சுற்று என்பது என்னவென்றே தெரியாது. உன் கால்கள் அதைத் தேர்வு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தன.

கண்டுபிடித்ததில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு கணக்குக்குச் சரியான விடை வந்தது போல. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் வேறொன்று உறைத்தது. போட்டிக்கு இன்னும் பத்து நாள். இதை இப்போது யாரிடம் சொல்வது?

உன்னிடம் சொன்னேன். மறுநாள் என்னை அழைத்துப் போக மீஞ்சூர் நிலையத்துக்கு சைக்கிளில் வந்திருந்தாய். நான் பின்னால் உட்கார்ந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"ஒண்ணு சொல்லச்சொல்ல கோச்சிக்க மாட்டேன் மே. நீ ரெண்டாவது சொல்லுவியே, அப்பதான் கோவம் வரும்."

"நீ தினிக்கும் இருபத்தஞ்சு ஓடல. இருபத்திநாலுதான் ஓடற."

சொல்லி முடிக்கிற வரை நீ மிதிப்பதை நிறுத்தவில்லை. உப்புக்கல், சிப்பி, லாபம் எல்லாவற்றையும் சொன்னேன். வல்லூர் வந்துவிட்டது. நீ திரும்பிப் பார்க்காமல் மிதித்தாய். கோபம் என்று நினைத்தேன். உன் முதுகு குலுங்கியது. அழுகிறாயோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

"அப்போ நான் பயந்துக்கினு வுழல?"

"இல்ல."

"காத்து போவல?"

"அந்தச் சுத்து உனக்குப் புதுசு. அவ்ளோதான்."

"ஐயே, இத்த மொதல்லியே சொல்றதுக்கின்னா மே! ஒரு வாரமா கஞ்சி எறங்கல எனக்கு."

பிறகு சைக்கிளை நிறுத்தினாய். ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினாய்.

"நைனாவாண்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத."

"ஒம்போது நாள்தான் கீது. அவரு எண்ணுறத மாத்தினா..."

"மே. அவுரு அளந்ததுல ஒரு மரக்கா கொறஞ்சிதுன்னு இதுவரிக்கும் எவனும் சொன்னதில்ல. நீ போயி இன்னான்னு சொல்லுவ?"

"தப்புன்னு சொல்லுவேன்."

"சொல்லுவ. அதான் உன்னாண்ட பேஜாரு."

அன்று மாலை நைனா வழக்கம்போல் எண்ணினார். "இருபத்தஞ்சு!" நீ கையைத் தூக்கினாய். நான் கடிகாரத்தை அமுக்கினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் போனபோது, நீ நிற்காமல் இன்னொரு சுற்றுப் போனாய். சும்மா இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு வேகத்தில். தோள் இறங்கியது, கால் ஆடியது, ஆனாலும் ஓடி முடித்தாய்.

"இன்னாடா அது, முடிஞ்சப்பறம் இன்னொண்ணு?" என்றார் நைனா.

"கால் ஆறட்டும்னு நைனா."

"ஆறவெக்கிறவன் இப்டியாடா பேய் தொரத்தற மாதிரி ஓடுவான்?"

வீட்டுக்கு வரும்போது நீ என் காதருகே சொன்னது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. "அவுரு மொதல்ல லாபம்னு ஒண்ணு எடுத்துக்கினாரு. நான் கடசீல கொசுறு ஒண்ணு போட்டுட்டேன். சரியாப் போச்சா கணக்கு?"

எனக்குச் சரியாகப் போகவில்லை. தப்பைத் திருத்தாமல் அதன் வாலில் இன்னொன்றைக் கட்டிவிடுவது என்ன முறை? ஆனால் ஒன்பது நாளும் நீ கொசுறுச் சுற்று ஓடினாய். நான் நோட்டில் அதற்குத் தனியாக ஒரு பத்தி போட்டேன். முதல் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் எட்டு நொடி குறைந்திருந்தது.

போட்டியன்று நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாமெல்லாம் மதிய வண்டியில் போனோம். நீ மைதானத்துக்குள் போய்விட்டாய். நானும் அவரும் முடிவுக்கோட்டுக்கு எதிரே கல் படியில் உட்கார்ந்தோம். கரித்தூள் போட்ட கருப்புத் தடம். அதன்மேல் வெள்ளைக் கோடுகள். நைனா, "உப்பு போட்டுக் கீறானுங்களா?" என்று கேட்டார். சுண்ணாம்பு என்றேன். அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

எத்தனையோ நாட்டுப் பையன்கள். எல்லாரும் உன்னைவிடச் சின்னப் பையன்கள் போலவே எனக்குத் தெரிந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. என் பக்கத்தில் மெல்லிய குரலில் அது ஆரம்பித்தது.

"லாபம்..."

மைதானத்தில் ஒரு பலகையில் எத்தனை சுற்று மிச்சம் என்று எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்க்கச் சொன்னேன். ஒருமுறை பார்த்தார்.

"இவனுங்க எதுக்குக் கீழ எறங்கிக்கினே போறானுங்க? உப்பு அளக்கச்சொல்ல எவனாவது முப்பதுல ஆரம்பிச்சிப் பின்னாடி வருவானா?"

அதன் பிறகு அவர் பலகையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பத்துச் சுற்று வரை கூட்டமாகப் போனீர்கள். பிறகு நெட்டையான இருவர் பிரிந்து முன்னால் போனார்கள். அவர்களை யாராலும் பிடிக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது. அடுத்து நீ. உன் பின்னால் ஒட்டிக்கொண்டே ஒரு சிவப்பு பனியன். சுற்றுக்குச் சுற்று அதேதான். நீ மூன்றாவது, அவன் நான்காவது. இருபது, இருபத்தொன்று. நைனாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், நிகழ்ச்சித் தாளில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

நீ இருபத்து நான்காவது சுற்றை முடித்துக் கோட்டுக்கு வந்தாய். நைனா எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்.

"இருபத்தஞ்சு! முடிஞ்சிது! டேய், மூணாவுதுடா!"

அதே நேரம் மணி அடித்தார்கள்.

இந்த இடத்தில்தான், அண்ணா, நான் முப்பது வருடமாக நிற்கிறேன். மணி உனக்குக் கேட்டது. அது கடைசிச் சுற்றுக்கான மணி என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு சுற்றுக்காக ஒன்பது நாள் உயிரை விட்டு ஓடியவன் நீ. ஆனால் நீ தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தாய். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாய். நம் உப்புக்கோட்டில் தூக்குவாயே, அப்படியே. அதற்காக நீ இரண்டு அடி, மிஞ்சினால் மூன்று அடி இழந்தாய். சிவப்பு பனியன் உன் உள்பக்கமாக நுழைந்து போய்விட்டான்.

"பெரியவரே, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருபத்தஞ்சு ஆயிப்போச்சி. நான் எண்ணிக்கினு கீறேன்."

"இருபத்துநாலுதான். இதோ பாருங்க, கோடு போட்டிருக்கேன்."

"யாராண்ட கணக்கு பேசற நீ?" நைனா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீதான் காலேஜுல கணக்கு படிக்கிறியே. எவ்ளோ ஆச்சி?"

எனக்கு விடை தெரியும். இரண்டு நாள் கையில் வைத்து எண்ணிப் பார்த்த விடை. அவர் முகம் என் முகத்துக்கு அருகே இருந்தது. தப்பென்று சொல்லுவேன் என்று சைக்கிளில் உட்கார்ந்து சொன்னவள் நான்தான்.

"ஓட்டத்தைப் பாருங்க நைனா" என்றேன்.

அந்தச் சுற்றை நீ எப்படி ஓடினாய் என்று நான் உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தோள் இறங்கவில்லை. கால் ஆடவில்லை. முன்னால் போன இருவரும்கூட அந்தச் சுற்றை அவ்வளவு வேகமாக ஓடவில்லை. கடிகாரம் என் கையில்தான் இருந்தது. சிவப்பு பனியனை அங்குலம் அங்குலமாக நெருங்கினாய். கோட்டில் அவன் நெஞ்சு முன்னால், உன் நெஞ்சு ஒரு முழம் பின்னால். நான்காவது.

திரும்பி வந்த வண்டியில் நீ ஜன்னலில் சாய்ந்து தூங்கினாய், அல்லது தூங்குவது போல் இருந்தாய். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நைனா எதிரே உட்கார்ந்து, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எண்ணூர் தாண்டியதும் விரல் நின்றது. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீஞ்சூரில் இறங்கும்போது உன் பையை அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு முன் எப்போதும் அவர் அப்படிச் செய்ததில்லை.

மறுநாள் மாலையும் ஓடப் போனாய். போட்டி முடிந்த பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீ கோட்டில் நின்றாய். நைனா தலையை ஆட்டினார். கிளம்பினாய். அவர் வாயைத் திறக்கவே இல்லை. நீ முழுச் சுற்றும் முடித்து உப்புக்கோட்டைத் தாண்டிய பிறகுதான், மெதுவாக, "லாபம்..." என்றார்.

உன் முகத்தைப் பார்த்தேன். ஓடுகிறவன் முகத்தில் என்ன தெரியும்?

ஆனால் எனக்கு ஒரு சோதனை கிடைத்துவிட்டது என்று அப்போதே தோன்றியது. கை பழக்கத்தால் தானாகத் தூக்கியது என்றால், இரண்டு வருடப் பழக்கம் இன்றும் அதே இடத்தில், இருபத்து நான்கு முடிகிறபோது, தூக்க வேண்டும். கண் இமைக்காமல் பார்த்தேன். இருபத்து நான்கு முடிந்தது. கை இடுப்புக்கு மேலே வரவில்லை. நைனா இருபத்தைந்து என்றபோதுதான் தூக்கினாய். நின்றாய். அன்று நீ இன்னொரு சுற்று ஓடவில்லை.

"இன்னாடா, இன்னிக்கி கால் ஆறவெக்கலியா?" என்றார் நைனா. துண்டை மடித்துக்கொண்டே, உன்னைப் பார்க்காமல்.

"ஆறிப்போச்சி நைனா" என்றாய்.

அவ்வளவுதான். நம் வீட்டில் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசப்பட்டது மொத்தமும் இதுதான். அவர் இறக்கிற வரை இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. தளம் கரைந்து போனது. ஒரே ஒரு சோதனை, அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று இன்று என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நானே சொல்கிறேன். கம்பி உருட்டாலையின் தரப் பிரிவில் இருபது வருடமாக நான் செய்வது அதுதான். ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் இப்படித்தான் என்று சொல்பவர்களை நம்பாமல் இருப்பது. இரண்டாவது மாலை எனக்குக் கிடைக்கவில்லை. மழை விடுவதற்குள் நீ ஓடுவதை விட்டுவிட்டாய்.

மேஜை வேலை நான்காவதாக வந்தவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் சில வருடம் கூடை சுமந்தாய். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்ததும் உலைக்கு முன்னால் நிற்கிற வேலைக்குப் போனாய். மாலையில் ஷிப்டு முடிந்து பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பார்ப்பேன். முகமெல்லாம் வெந்து சிவந்திருக்கும். அந்த மூன்று அடி மட்டும் இருந்திருந்தால் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறேன். நீ நினைத்தாயா?

என் கல்யாணத்தன்று முதன்முறை கேட்டேன். "கை தானா போச்சி மே, வுடு" என்றாய். பழக்கமாக இருந்தால் மறுநாள் ஏன் போகவில்லை என்றேன். பந்தியைக் கவனிக்க ஓடிவிட்டாய். பிறகொரு நாள் பஸ் நிறுத்தத்தில், "மூச்சு வாங்கறதுக்கு கைய மேல தூக்கினேன். உனக்கு ஓட்டத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்றாய். நைனா இறந்த காரியத்தன்று, சாப்பிட்ட இலையை மடித்துக்கொண்டே நீயாகவே ஆரம்பித்தாய். "அவுரு எந்திரிச்சி நின்னாரு மே. வெள்ளச் சட்ட. அவ்ளோ பெரிய கூட்டத்துல அவுரு ஒருத்தர்தான் நிக்கிறாரு." மேலே ஏதோ சொல்லப் போனாய். யாரோ தண்ணீர் கேட்டார்கள். எழுந்து போய்விட்டாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில். உன்னால் அதிகம் பேச முடியாத நாட்கள். நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "நீ இன்னா நெனைக்கிற?" என்றாய்.

"தெரியாமத்தானே கேக்கறேன்."

"தெரியாதுன்னு உன் வாயால ஒரு வாட்டி கேக்கணும்னுதான் இத்தினி வருசமா சொல்லல" என்றாய்.

இது நாலாவது பதில். இதையும் நான் நம்பவில்லை.

எழுதிப் பார்த்ததில் ஒன்று மட்டும் இப்போதுதான் கவனிக்கிறேன். அன்று அந்த ஒரே நிமிடத்தில் நைனா நம் இரண்டு பேரையும் பார்த்தார். உன்னைப் பார்த்து, முடிந்தது என்றார். என்னைப் பார்த்து, எவ்வளவு ஆச்சி என்றார். நீ கையைத் தூக்கினாய். நான் ஓட்டத்தைப் பாருங்கள் என்றேன். நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று உன்னைத் துளைத்தெடுத்த நான், நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்டதே இல்லை. கேட்டால் எனக்கும் மூன்று நான்கு பதில்கள் இருக்கும்.

சர்க்கரை இருப்பதால் தினமும் காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. பத்துச் சுற்று. கிளம்பும்போதே மனதுக்குள் "லாபம்" என்று ஆரம்பிப்பேன். தப்பு என்று தெரிந்தேதான். என் கணக்கில் பத்து வரும்போது ஒன்பதுதான் முடிந்திருக்கும். அந்த இடத்தில் கை தானாக மேலே போகிறதா என்று பார்க்கிறேன். பதினொரு மாதமாகப் பார்க்கிறேன். போவதில்லை, அண்ணா. ஒரு நாள்கூடப் போனதில்லை. ஒவ்வொரு முறையும் நானேதான் தூக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு ஆள், அதுவும் ஐம்பதை நெருங்குகிற, ஓடத் தெரியாத ஒருத்தி. இதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நானே எடுத்துக்கொள்ள மாட்டேன். கையைத் தூக்குகிறேன். மைதானத்தைப் பெருக்குகிற அம்மா தினமும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். பிறகு கையை இறக்கிவிட்டு, கொசுறு ஒரு சுற்று நடக்கிறேன்.